ஓவன் இல்லாமல் குழந்தைகளோடு செய்யும் அலங்கார இனிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவன் இல்லாத வீட்டிலும், ஓவன் இருந்தும் அதன் அருகே பிள்ளைகளை விட அஞ்சும் வீட்டிலும், குழந்தைகளைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு அழகான இனிப்புகளைச் செய்ய முடியும். அப்படிச் செய்ய முனைந்த பெற்றோர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், என் இரண்டு பிள்ளைகளோடு பல ஆண்டுகள் செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுடாமல், வேகவைக்காமல் ஓர் இனிப்பு எப்படி இறுகுகிறது?

ஏற்கெனவே உண்ணத் தயாராக இருக்கும் பொருள்களை ஒன்றுசேர்த்து, பிடித்தோ பூசியோ குளிரவைத்தோ உருவம் கொடுப்பதுதான் இந்த இனிப்புகளின் முறை. இவை இறுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கொழுப்பு உறைவது. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகி, குளிரும்போது மீண்டும் கெட்டிப்படுகிறது. நம் உடலின் வெப்பம் 37 டிகிரி என்பதால்தான் சாக்லேட் நாவில் பட்டதும் கரைகிறது. இரண்டாவது, பிசுபிசுப்பு. அரைத்த பேரீச்சம்பழமும் கண்டென்ஸ்டு மில்க்கும் பிஸ்கட் தூளையோ கொட்டைத் தூளையோ பிடித்து வைத்துக்கொள்வது இந்த வழியில்தான். மூன்றாவது, ஜெலட்டின் அல்லது அகர் அகர் நீரைத் தன் வலைக்குள் சிறைப்பிடித்து ஜெல்லியாக்குவது.

நீங்கள் செய்யும் இனிப்பு இந்த மூன்றில் எந்த வழியில் இறுகுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உருண்டை உதிர்ந்தால் பிசுபிசுப்புப் போதவில்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட் கையில் ஒட்டினால் கொழுப்பு இன்னும் உறையவில்லை. குறை எங்கே என்று தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்வது கடினமன்று.

எந்த வயதிலிருந்து குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்?

இரண்டு வயதுக் குழந்தைகூட ஒரு கிண்ணத்தில் இருப்பதை இன்னொரு கிண்ணத்தில் கொட்டும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். மூன்று, நான்கு வயதில் கெட்டியான பையில் போட்ட பிஸ்கட்டை உருட்டுக்கட்டையால் தட்டி நொறுக்குவது, கலவையைக் கையால் பிசைவது, தூவுவது ஆகியவற்றை விருப்பத்தோடு செய்வார்கள். ஐந்து, ஆறு வயதில் ஒரே அளவில் உருட்டவும், ஆறிய சாக்லேட்டில் தோய்த்து எடுக்கவும் கை பழகிவிடும். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் தராசில் அளந்து எடுப்பார்கள், உருகிய சாக்லேட்டோ ஐசிங்கோ நிரப்பிய காகிதக் கூம்பைப் பிடித்துக் கோடு வரைவார்கள், செய்முறையைத் தாங்களே படித்து அடுத்த படி என்னவென்று சொல்வார்கள்.

கத்தியும் சூடும் பெரியவர்களுடைய பொறுப்பு. மற்ற எல்லா வேலைகளையும் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதே என் எண்ணம். பெரியவர் எல்லாவற்றையும் செய்துவிட்டு, கடைசியில் நான்கு தூவல்களைப் போடுவதற்கு மட்டும் குழந்தையைக் கூப்பிட்டால், அது அந்தக் குழந்தை செய்த இனிப்பாகாது. குழந்தைக்கும் அது தெரியும்.

முதல் முறை செய்பவர்களுக்கு எது எளிது?

பிஸ்கட் உருண்டை. சூடே தேவையில்லை, ஓரளவு முன்பின் ஆனாலும் கெட்டுப்போகாது. 200 கிராம் சாதாரண இனிப்புப் பிஸ்கட்டை நன்றாகத் தூளாக்கிக்கொள்ளுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் ஒன்றிரண்டு இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பெரும்பகுதி மணலைப் போல இருக்க வேண்டும். அதில் மூன்று மேசைக்கரண்டி கோகோ தூளைச் சலித்துச் சேர்த்து, 150 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலைத் திறந்ததும் பிளந்தால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுங்கள். பிஸ்கட்டைப் பொறுத்து 200 கிராம் வரைகூடத் தேவைப்படும். கலவையை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பிஸ்கட் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கையில் ஒட்டாத பதத்துக்கு வரும். இந்த அரை மணி நேரத்தைத் தவிர்க்கவே கூடாது. பிறகு பெரிய கோலிக்குண்டு அளவில் உருட்டினால் 20 முதல் 25 உருண்டைகள் கிடைக்கும்.

உருட்டிய உடனே உலர்ந்த தேங்காய்த் துருவலிலோ கோகோ தூளிலோ வண்ணத் தூவல்களிலோ புரட்டி எடுக்கலாம். மேலே ஈரப்பசை இருக்கும்போது புரட்டினால்தான் தூவல் ஒட்டும். காய்ந்துவிட்டிருந்தால் உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொண்டு ஒருமுறை உருட்டிவிட்டுப் புரட்டுங்கள்.

சாக்லேட்டைக் கருகாமல் உருக்குவது எப்படி?

சிறு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன்மேல் நீரைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தை வைத்து, பொடியாக நறுக்கிய சாக்லேட்டை அதில் போடுங்கள். ஓரிரு நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு மெல்லக் கிளறுங்கள். முக்கால் பங்கு உருகியதும் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டால், மீதிக் கட்டிகள் அந்தச் சூட்டிலேயே கரைந்துவிடும். கறுப்புச் சாக்லேட் 50 டிகிரியையும், பால் சாக்லேட்டும் வெள்ளைச் சாக்லேட்டும் 45 டிகிரியையும் தாண்டக் கூடாது. வெப்பமானி இல்லாதவர்கள் கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இதமான சூடு போதும், கை பொறுக்காத சூடு அதிகம்.

மைக்ரோவேவிலும் உருக்கலாம். பாதித் திறனில் 20 முதல் 30 விநாடி வைத்து, வெளியே எடுத்துக் கிளறி, மறுபடி வைக்க வேண்டும். மைக்ரோவேவில் சாக்லேட் உருகிய பின்னும் தன் வடிவத்தை விடாமல் கட்டியாகவே தோன்றும் என்பதால், கண்ணை நம்பி நேரத்தைக் கூட்டினால் நடுவில் கருகிவிடும். ஒவ்வொரு முறையும் கிளறிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உருக்கிய சாக்லேட் திடீரென்று மணல்போல் திரண்டுவிட்டது. ஏன்?

தண்ணீர் பட்டிருக்கிறது. ஒரு சில துளிகளே போதும். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்களும் கோகோ துகள்களும்தான். அங்கே சிறிதளவு நீர் நுழைந்தால் சர்க்கரை அதை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எல்லாம் கட்டியாகத் திரண்டுவிடும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கழுவிய கரண்டியை எடுத்து, தன் சட்டையில் ஒரு முறை துடைத்துவிட்டு, வழவழவென்று பளபளத்த சாக்லேட்டில் விட்டுக் கிளறினாள். கரண்டிக் காம்பின் இடுக்கில் நின்றிருந்த நீர் உள்ளே இறங்கியதும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு மங்கி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஈர மண்ணைப் போலத் திரண்டது. அவள் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்தச் சாக்லேட்டை வீணாக்கவில்லை. சிறிது நீரால் திரண்ட சாக்லேட், இன்னும் அதிக நீர் சேர்ந்தால் மீண்டும் இளகிவிடும். ஒவ்வொரு 60 கிராமுக்கும் ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் சூடான பாலை ஊற்றிக் கிளறினோம். நல்ல சாக்லேட் குழம்பு கிடைத்தது. அது இனிப் பூச்சாக உறையாது. ஆனால் நறுக்கிய பழத்தின்மேல் ஊற்றிச் சாப்பிட மிக நன்றாக இருக்கும். அன்றிலிருந்து சாக்லேட்டைத் தொடும் ஒவ்வொரு கரண்டியையும் உலர்ந்த துணியால் துடைத்துத் தருவது அவளுடைய வேலையாயிற்று.

நிஜச் சாக்லேட் வேண்டுமா, காம்பவுண்ட் சாக்லேட் போதுமா?

குழந்தைகளோடு செய்யும்போது காம்பவுண்ட் சாக்லேட்டே வசதியானது. இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருப்பதால், உருக்கிப் பூசிக் குளிரவைத்தாலே பளபளப்பாக உறைந்துவிடும். சுவையில் நிஜச் சாக்லேட்டுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிஜச் சாக்லேட்டின் கொழுப்பு பல வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஒரு வகை மட்டுமே பளபளப்பையும் ஒடிக்கும்போது ‘டக்’ என்ற ஓசையையும் தரும். அந்த வகையை வரவழைக்க, கறுப்புச் சாக்லேட்டை முழுதும் உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடி 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றிப் பயன்படுத்த வேண்டும். இதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். இதைச் செய்யாவிட்டால் பூச்சு மங்கலாக உறைந்து, சில நாள்களில் மேலே சாம்பல் நிறப் படலம் தோன்றும். அது பூஞ்சையன்று, மேலே வந்து படிந்த கொழுப்புதான், உண்பதால் தீங்கில்லை. அன்றே உண்டு முடிக்கப்போகிற இனிப்புக்கு டெம்பரிங் தேவையில்லை என்பது என் கருத்து. பிள்ளைகள் அரை மணி நேரம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

தூவல்களை எப்போது போட வேண்டும்?

பூச்சு ஈரமாக இருக்கும்போதே. குளிர்ந்த உருண்டையின்மேல் பூசிய சாக்லேட் அரை நிமிடத்துக்குள் உறையத் தொடங்கிவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் பிஸ்கட்டின்மேல் பூசியது சில நிமிடங்கள் வரை இளகியிருக்கும். எனவே பத்து உருண்டைகளையும் தோய்த்து வரிசையாக வைத்துவிட்டுப் பிறகு அலங்கரிக்கலாம் என்று எண்ணக் கூடாது. ஒன்றைத் தோய்த்ததும் அதை அலங்கரித்து முடித்துவிட்டே அடுத்ததை எடுக்க வேண்டும். பெரியவர் தோய்க்க, குழந்தை தூவ என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் நேரம் சரியாக அமையும்.

சில குழந்தைகள் பிடிபிடியாக அள்ளிக் கொட்டுவார்கள். சிலர் அப்படியல்லர். என் மகன் நான்கு வயதில் ஒவ்வொரு நட்சத்திரத் தூவலையும் ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட்டின் விளிம்பில் வைப்பான். மூன்றாவது நட்சத்திரம் வைப்பதற்குள் பூச்சு உறைந்துவிடும். அத்தகைய பிள்ளைகளுக்குச் சாக்லேட் பூச்சைவிட மெதுவாகக் காயும் சர்க்கரை ஐசிங் பொருத்தமானது. இல்லையென்றால், உறைந்த பூச்சின்மேல் பல்குத்தும் குச்சியால் ஒரு பொட்டுச் சாக்லேட் வைத்து, அதையே பசையாகக் கொண்டு ஒட்டச் சொல்லலாம்.

தூவல்களைச் சிறு கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள். பாட்டிலைக் கையில் கொடுத்தால் ஒரே உருண்டையில் பாட்டில் காலியாகிவிடும். அடியில் ஓரம் உயர்ந்த தட்டு ஒன்றை வைத்தால் சிந்தியதை மீண்டும் பயன்படுத்தலாம். ஈரமான பழத்தின்மேல் சர்க்கரைத் தூவல்களைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நிறம் கசிந்து ஒழுகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பூச்சில் விரிசல் விழுகிறது. சில வேளைகளில் கட்டியாகவும் படிகிறது. என்ன செய்யலாம்?

உள்ளே இருக்கும் உருண்டை மிகக் குளிர்ந்திருந்தால் பூச்சு வெடிக்கும். சூடான பூச்சு சட்டென்று உறைந்து சுருங்க, குளிர்ந்த உருண்டை மெல்லச் சூடேறி விரிவதே காரணம். உருண்டையை ஃப்ரீசரில் வைக்காமல் ஃபிரிட்ஜில் மட்டும் வைத்து, தோய்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். பூச்சு தடிமனாகப் படிந்தால் 200 கிராம் காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு ஒரு தேக்கரண்டி மணமற்ற சமையல் எண்ணெய் சேர்த்துக் கிளறுங்கள். நீரோ பாலோ சேர்க்கக் கூடாது.

காகிதக் கூம்பு செய்வது எப்படி?

பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டிக் கூம்பாகச் சுருட்டி, மேல் விளிம்பை உள்ளே மடித்துவிட்டால் போதும். இறுக்கமாக மூடக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையையும் பயன்படுத்தலாம். ஓட்டையை ஊசி நுனி அளவில் வெட்டித் தொடங்குங்கள். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்க முடியாது.

முட்டை இல்லாமல் ஐசிங் செய்ய முடியுமா?

முடியும், அதுவே நல்லது. 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் மூன்று தேக்கரண்டி நீரைத் துளித்துளியாகச் சேர்த்துக் குழைத்தால் பூசும் பதத்துக்கு வரும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் திகட்டாது. கோடு வரைய வேண்டுமானால் நீரைக் குறைத்துக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான வெண்ணெய் ஐசிங்குக்கு ஒரு பங்கு வெண்ணெயும் இரு பங்கு ஐசிங் சர்க்கரையும் போதும்; வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும்.

கோதுமை மாவையோ மைதாவையோ வேகவைக்காமல் சேர்க்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஓவன் இல்லை என்றால் கிருமியைக் கொல்லும் சூடும் இல்லை; ஆகவே கிண்ணத்துக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் அப்படியே உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் வரும் மாவு பார்ப்பதற்குத் தூய்மையாக இருந்தாலும் அது வேகவைக்கப்படாத தானியத்தின் தூள்தான். வயலிலோ ஆலையிலோ சேர்ந்த ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் அதில் உயிரோடு இருக்கக்கூடும். 2016-இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் பரவிய ஈ.கோலை நோய்க்கு வேகாத மாவே காரணம் என்று கண்டறியப்பட்டது. சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான ஈ.கோலை வகைகளும் உண்டு.

மாவை வீட்டிலேயே வறுத்துப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உலர்ந்த மாவில் கிருமிகள் சூட்டைத் தாங்கி நிற்கும் என்பதால், வீட்டு முறையில் அவை முழுவதும் அழிந்தன என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. மாவின் இடத்தில் பிஸ்கட் தூளையோ கேக் தூளையோ பால் பவுடரையோ வைத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்தால் பச்சை முட்டை சேர்க்கும் மூஸ் வகைகளையும் முட்டை வெள்ளைக்கரு ஐசிங்கையும் குழந்தைகளோடு செய்ய வேண்டாம்.

எந்த நிறங்களைச் சேர்க்கலாம்?

இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று செய்முறை சார்ந்தது. நீரில் கரையும் நிறத்தைச் சாக்லேட்டில் விட்டால் முன்பு சொன்னபடி திரண்டுவிடும். வெள்ளைச் சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் நிறமோ தூள் நிறமோதான் ஏற்றது. ஐசிங்குக்கு நீர் நிறமே போதும்.

மற்றது உடல்நலம் சார்ந்தது. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் துறுதுறுப்பு ஓரளவு கூடியதாகக் கண்டனர். அதன் தொடர்ச்சியாக, டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுகளில், அவை குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆகும் என்பது இதன் பொருளன்று. என் வீட்டில் முடிந்தவரை பீட்ரூட் தூள், கோகோ, மஞ்சள் தூள், உலர்த்திப் பொடித்த ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றையே பயன்படுத்துகிறோம். மஞ்சள் தூளைக் கத்தி முனையில் எடுக்கும் அளவுக்கு மேல் போட்டால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

மினுமினுப்புத் தூள் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ‘நச்சற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளில்லை. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கின்மேல் பூசியிருந்த, செம்பு கலந்த மினுக்குத் தூளால் ஆறு குழந்தைகள் வாந்தி எடுத்து நோயுற்றனர். உட்பொருள்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, உண்ணத்தக்கது என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

தொண்டையில் சிக்கக்கூடிய பொருள்கள் எவை?

முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை ஆகியவற்றை ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தர வேண்டாம். பொடித்தோ அரைத்தோ சேர்க்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். மார்ஷ்மெல்லோ மென்மையாக இருப்பதால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எச்சிலில் ஊறி உப்பித் தொண்டையை அடைக்கக்கூடியது அது. கடினமான மிட்டாய் மணிகளும் வெள்ளி உருண்டைகளும் சிறு பிள்ளைகளின் இனிப்பில் தேவையில்லை. குச்சியில் செருகிய இனிப்பை உட்கார்ந்துதான் உண்ண வேண்டும் என்று பழக்குங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நுண்விதைகள் அதில் இருக்கலாம்.

பிள்ளையின் நண்பர்களும் வருகிறார்கள். ஒவ்வாமையை எப்படிச் சமாளிப்பது?

பிள்ளைகளைக் கேட்டால் போதாது, பெற்றோரை முன்னதாகவே கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், கோதுமை, சோயா, எள், முட்டை ஆகியவை முக்கியமானவை. சாக்லேட்டில் பெரும்பாலும் சோயா லெசித்தின் இருக்கும். கறுப்புச் சாக்லேட்டிலும் பால் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது என்றால், அந்தக் குழந்தையின் கிண்ணத்தைத் தனியே வைப்பதோடு நின்றுவிடாமல், அன்றைக்கு மேசையில் வேர்க்கடலையே இல்லாமல் செய்துவிடுங்கள். கரண்டிகள் இடம் மாறுவதைத் தடுக்க எவராலும் முடியாது.

பொரித்த அரிசியும் மார்ஷ்மெல்லோவும் சேர்ந்த துண்டுகளைக் குழந்தைகள் செய்யலாமா?

இது 1939-இல் அமெரிக்காவின் கெல்லாக் நிறுவனத்தில் பணியாற்றிய மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இருவர் உருவாக்கிய இனிப்பு. வெண்ணெயோடு மார்ஷ்மெல்லோவை உருக்கி, அரிசிப் பொரியில் கலந்து, தட்டில் அழுத்தி, ஆறியதும் வெட்டுவார்கள். உருகிய மார்ஷ்மெல்லோ தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது. எனவே உருக்குவதும் கலப்பதும் பெரியவர் வேலை. இளஞ்சூட்டுக்கு வந்ததும், வெண்ணெய் தடவிய கையால் அழுத்தும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மிகவும் அழுத்தினால் கல்போல் ஆகிவிடும். தொண்டையில் சிக்காமல் இருக்கச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள்.

ஜெல்லிக்கு ஜெலட்டின் நல்லதா, அகர் அகர் நல்லதா?

ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது. சைவ உணவு உண்போருக்கு இந்த ஒரு காரணமே போதும். செய்முறையிலும் வேறுபாடு உண்டு. ஜெலட்டின் ஜெல்லி கையின் சூட்டிலேயே இளகும். அகர் ஜெல்லி 35 முதல் 40 டிகிரியில், அதாவது அறை வெப்பத்திலேயே இறுகி, 85 டிகிரி வரை உருகாது. அச்சில் ஊற்றி எடுத்து, அடுக்கி, அலங்கரிக்கும் குழந்தைகளுக்கு அகர் ஒத்துழைக்கும். 250 மில்லி நீருக்கு ஒரு தேக்கரண்டி அகர் தூளைப் போட்டு இரண்டு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும்.

சூடுபடுத்தாத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பதால் அவற்றைப் போட்டால் ஜெலட்டின் இறுகவே இறுகாது. டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது என்பதால் தொல்லையில்லை. அகர் புரதமன்று, அதனால் இந்த நொதிகள் அதை ஒன்றும் செய்வதில்லை.

இத்தனை சர்க்கரை பிள்ளைகளுக்கு நல்லதா?

நல்லதன்று, ஆகவே அளவோடுதான் செய்ய வேண்டும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வலியுறுத்தியது. அமெரிக்க இதய சங்கம், இரண்டு முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைவாகவும், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அறவே வேண்டாமென்றும் சொல்கிறது. நான் செய்வது இதுதான்: உருண்டைகளைச் சிறிதாகப் பிடிக்கிறோம், செய்த அன்று ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்கிறோம், மீதியை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தனுப்புகிறோம். தட்டை ஏந்திக்கொண்டு போய்க் கொடுப்பதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெருமிதம், தின்பதில் கிடைப்பதைவிடக் குறைவாக நான் பார்த்ததில்லை.

சர்க்கரை சேர்க்காமல் செய்ய வேண்டுமானால், விதை நீக்கிய 200 கிராம் பேரீச்சம்பழத்தோடு 100 கிராம் வறுத்த பாதாமும் ஒரு மேசைக்கரண்டி கோகோவும் சேர்த்து அரைத்து உருட்டலாம். பழம் உலர்ந்திருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து நன்றாக வடித்துவிடுங்கள். பேரீச்சம்பழத்திலும் இயல்பான சர்க்கரை நிறைய உண்டு, பல்லிலும் ஒட்டும்; எனினும் நார்ச்சத்தும் கொட்டையின் கொழுப்பும் உடன் இருப்பதால் ஒன்றிரண்டிலேயே வயிறு நிறைந்துவிடும்.

விரலை நக்கிக்கொண்டே செய்கிறார்களே?

செய்யத்தான் செய்வார்கள். தொடங்கும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவச் செய்து, நகத்தை வெட்டிவிட்டு, ஆளுக்கொரு ‘சுவைக் கிண்ணம்’ கொடுத்துவிடுங்கள். நக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு கரண்டி. விரல் வாய்க்குப் போனால் மறுபடி கை கழுவ வேண்டும் என்ற ஒரே விதியைக் கோபமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் மூன்றாவது முறைக்குள் பழகிவிடும். பிறருக்குக் கொடுக்கப்போகும் இனிப்பை முதலில் செய்து எடுத்து வைத்துவிடுவது நல்லது.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

சாக்லேட் பூசிய உலர்ந்த பிஸ்கட்டுகள், காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். கண்டென்ஸ்டு மில்க் உருண்டைகளை ஃபிரிட்ஜில் வைத்து நான்கைந்து நாளில் முடித்துவிடுங்கள். கிரீம், கிரீம் சீஸ் சேர்ந்தவை 5 டிகிரிக்குக் கீழே மூன்று நாள். அவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. சாக்லேட்டில் தோய்த்த பழங்களை அன்றே உண்ண வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காமல் கால் மணி நேரம் மூடியபடியே வைத்தால், பூச்சின்மேல் வியர்வைத் துளிகள் படியாது.

குழந்தை அலங்கரித்தது கோணலாக இருந்தால் திருத்தலாமா?

வேண்டாம். கண் இரண்டும் ஒரே பக்கம் வைக்கப்பட்ட பிஸ்கட் முகத்தை நான் ஒரு முறை, விருந்தினர் வருகிறார்களே என்ற அவசரத்தில், ஓசைப்படாமல் நகர்த்தி வைத்தேன். தட்டில் இருந்த இருபது முகங்களுக்கு நடுவே மகன் அதை உடனே கண்டுபிடித்து, “அது பக்கத்து பிஸ்கட்டைப் பார்க்குதும்மா” என்றான். நேராகப் பார்க்கும் முகத்தைச் செய்யத் தெரியாமல் அவன் அப்படி வைக்கவில்லை. விருந்தினருக்கென்று ஒழுங்கான தட்டு ஒன்று தேவைப்பட்டால் நீங்களே தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தட்டைத் தொடாதீர்கள். உதவி கேட்டால் மட்டும், உங்கள் பிஸ்கட்டில் செய்து காட்டுங்கள்.

எல்லாம் முடிந்த பின் பாத்திரங்களை எப்படிக் கழுவுவது?

உருகிய சாக்லேட்டைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்; குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒட்டியிருக்கும் சாக்லேட் உறைந்து, கரண்டியால் தட்டினாலே ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். அந்த ஏடுகளைச் சிறு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்குத் தூவலாகும். எஞ்சிய பிசுக்கைக் காகிதத்தால் துடைத்துவிட்டு வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவலாம். மேசையில் உறைந்த பொட்டுகளைச் சுரண்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். அதற்கென்று நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.